ஸ்டக்கா, ஸ்ட்ரக்கா? மாட்டிக்கொண்டதையும் அழுக்கானதையும் ஆங்கிலத்தில் சொல்வது எப்படி

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். நல்ல மழை, பாலத்துக்குக் கீழே முழங்கால் தண்ணீர், பேருந்து நகரவே இல்லை. மேலதிகாரிக்கு ஒரு வரி தட்டிவிட்டேன்: ‘ஐ ஆம் ஸ்ட்ரக் இன் டிராஃபிக்.’ அவர் இங்கிலாந்துக்காரர். அடுத்த நிமிடமே போன் வந்தது. எங்கே அடி, ரத்தம் வருகிறதா, ஆஸ்பத்திரிக்கு யாராவது கூட்டிப்போகிறார்களா என்று மனிதர் பதறுகிறார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன்.

இப்போது மாலையில் பேச்சு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். ஹோட்டல் வேலைக்கும் நர்ஸ் வேலைக்கும் வெளிநாடு கிளம்புகிறவர்கள்தான் பெரும்பாலும் வருகிறார்கள். இலக்கணம் ஓரளவு தெரிந்தவர்கள்கூட இந்த ஒரு இடத்தில் தடுமாறுவதைப் பார்க்கிறேன். தமிழில் ‘மாட்டிக்கிச்சு’ என்ற ஒன்றை வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஓட்டலாம். ஜிப் மாட்டும், லிஃப்ட் மாட்டும், தொண்டையில் மீன்முள் மாட்டும், போலீஸிடம் திருடன் மாட்டுவான், கல்யாண வீட்டில் ஒரு பெரியப்பாவிடம் நாம் மாட்டுவோம். ஆங்கிலத்தில் ‘ஸ்டக்’ கொஞ்ச தூரம் வரும், முழுத்தூரம் வராது. எது பிடித்து வைத்திருக்கிறது, எப்படிப் பிடித்திருக்கிறது என்று பார்த்துத்தான் அங்கே சொல் மாறும். அழுக்குக்கும் அதே கதைதான்.

முதல் வேலை: அந்த ‘ர்’ஐ எடுங்கள்

‘ஸ்ட்ரக்’ என்றால் அடிபட்டது, தாக்கப்பட்டது. மின்னல் தாக்கினால் ஸ்ட்ரக், லாரி மோதினால் ஸ்ட்ரக். ‘ஸ்ட்ரைக்’ என்ற வினையின் இறந்தகாலம் அது. நமக்கு வேண்டியது ‘ஸ்டக்’. இது ‘ஸ்டிக்’ என்ற வினையிலிருந்து வருகிறது. பழைய ஆங்கிலத்தில் அந்த வினைக்குக் குத்துவது என்றுதான் பொருள். குத்தி நின்றது நகராது அல்லவா, அப்படியே ஒட்டுவதற்கும் அசையாமல் நிற்பதற்கும் வந்து சேர்ந்தது.

நம் ஊரில் ‘மெஷின் ஸ்ட்ரக் ஆயிடுச்சு’ என்று கேட்டுக் கேட்டு நாக்கு பழகிவிட்டது. அதை உடைக்க ஒரு சின்ன வழி: ‘லக், டக், ஸ்டக்’ என்று பத்துத் தடவை சொல்லுங்கள். ‘ட்ரக்’ மாதிரி கேட்டால் தப்பு, ‘லக்’ மாதிரி கேட்டால் சரி.

இரண்டாவது: எது பிடித்திருக்கிறது?

இதற்கு வகுப்பில் நான் காட்டுவது ஒரு கப்பலை. 2021 மார்ச் 23 அன்று சூயஸ் கால்வாயில் எவர் கிவன் என்ற சரக்குக் கப்பல் குறுக்கே நின்றது. நீளம் 400 மீட்டர், கால்வாய் அகலமோ அதைவிடக் குறைவு. முனை கிழக்குக் கரையில் புதைந்தது, பின்பக்கம் மேற்குக் கரையை ஒட்டி நின்றது. ஆறு நாள் போக்குவரத்தே இல்லை. 300-க்கும் மேற்பட்ட கப்பல்கள் வரிசையில் காத்திருந்தன. நமக்கு ‘சிக்கிய கப்பல்’ என்று ஒரு தலைப்பு போதும். ஆங்கிலச் செய்திகளை எடுத்துப் பாருங்கள், ஒரே கப்பலுக்கு நாலைந்து சொல் வரும்.

பொதுவாகச் சொன்னால் ‘ஸ்டக்’. அடிப்பாகம் மண்ணில் உட்கார்ந்ததைச் சொல்ல ‘அக்ரவுண்ட்’, தமிழில் தரை தட்டியது. இரண்டு கரைக்கும் நடுவே இறுகியதைச் சொல்ல ‘வெட்ஜ்ட்’. ‘வெட்ஜ்’ என்றால் ஆப்பு. மரத்தில் ஆப்பு இறங்கிய மாதிரி நின்றது என்று அர்த்தம். மார்ச் 29-ல் வெளியே இழுத்த பிறகு ‘ரீஃப்ளோட்டட்’, மறுபடி மிதந்தது. அதோடு முடியவில்லை. இழப்பீட்டுத் தகராறில் எகிப்து கப்பலைப் பிடித்து வைத்தது. அப்போது வந்த சொல் ‘சீஸ்ட்’, ஜப்தி. கப்பலில் இருந்த 25 மாலுமிகளும் இந்தியர்கள். ஜூலை வரை கப்பல் அங்கேயே நின்றது. கப்பல் மறுபடி மிதந்த பின்பும் கப்பலில் இருந்தவர்கள் ‘ஸ்டக்’ என்று எழுதினார்கள். அவர்களை யாரும் ‘வெட்ஜ்ட்’ என்று எழுதவில்லை. ஆப்பு இறங்கியது கப்பலுக்குத்தான்.

மனிதர்களுக்கு வரும்போது மூன்று சொற்களைப் பிரித்துக்கொண்டால் போதும்.

வெளியேற வழி அடைபட்டிருந்தால் ‘ட்ராப்ட்’. 2023 நவம்பரில் உத்தரகாண்டில் சில்க்யாரா சுரங்கப்பாதை இடிந்து 41 தொழிலாளர்கள் 17 நாள் உள்ளே கிடந்தார்களே, அவர்களுக்கு ஆங்கிலப் பத்திரிகைகள் போட்டது இந்தச் சொல்லைத்தான். வழியெல்லாம் திறந்திருக்கிறது, ஆனால் போக வண்டி இல்லை, பணம் இல்லை, அழைத்துப்போக ஆள் இல்லை என்றால் ‘ஸ்ட்ராண்டட்’. ‘ஸ்ட்ராண்ட்’ என்றால் கடற்கரை. கரையில் ஒதுங்கிப்போன கப்பலைக் குறித்த சொல் அது. விமானம் ரத்தாகி நிலையத்தில் படுத்திருக்கும் பயணிகள் ஸ்ட்ராண்டட். வெறும் தாமதம், இழுபறி என்றால் ‘ஸ்டக்’.

இதெல்லாம் இலக்கண வாத்தியாரின் நுணுக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். 2024 ஜூனில் சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் சுமார் எட்டு நாள் பயணமாக விண்வெளி நிலையத்துக்குப் போனார்கள். போன ஓடத்தில் ஹீலியம் கசிவு, உந்திகளில் கோளாறு. திரும்பியது 2025 மார்ச்சில். இடையில் ‘ஸ்ட்ராண்டட்’ என்று எழுதிய பத்திரிகைகளோடு நாசா அதிகாரிகள் மல்லுக்கட்டினார்கள். அந்தச் சொல்லைப் போட்டால் ‘எங்கள் ஆட்களைக் கைவிட்டுவிட்டோம்’ என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ‘ஸ்டக்’ என்ற சொல்லையும் அவர்கள் ரசிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

பொருள்களுக்கு வருவோம். இங்கே நம் ஊர் மெக்கானிக்குகள் நம்மைவிடத் தேறியவர்கள். ஓட வேண்டியது இறுகி நின்றால் ‘ஜாம்’ என்பார்கள். ஆங்கிலத்திலும் அதேதான்: பிரின்டரில் பேப்பர் ஜாம், ஷட்டர் ஜாம். ஆயில் இல்லாமல் ஓட்டி இன்ஜின் பிடித்துக்கொண்டால் ‘சீஸ் ஆயிடுச்சு’ என்பார்கள். அச்சு அசல் அதுதான் ஆங்கிலச் சொல். மேலே கப்பலுக்கு வந்த ஜப்தியும் இதே சொல்தான், இரண்டுக்கும் பிடிப்பது என்பதுதான் அடிப்படை.

சட்டைக் கை ஆணியில் மாட்டினால் ‘காட்’, ‘கேட்ச்’ என்ற வினையின் இறந்தகாலம். அதில் நூல் இழுத்துக்கொண்டால் ‘ஸ்னாக்’. கடைசி எழுத்தை அழுத்தாமல் சொல்லுங்கள், அழுத்தினால் தின்பண்டம் ஆகிவிடும். வேலையில் எதிர்பாராத தடங்கல் வந்தாலும் ‘ஹிட் எ ஸ்னாக்’ என்பார்கள். ஜிப்பில் துணி கடித்துக்கொண்டால் துணி ‘காட்’, ஜிப் ‘ஸ்டக்’. சிங்க் அடைத்துக்கொண்டால் இங்கிலாந்தில் ‘பிளாக்ட்’, அமெரிக்காவில் ‘க்ளாக்ட்’. மூக்கடைப்புக்கு இங்கிலாந்தில் ‘பிளாக்ட் நோஸ்’, அமெரிக்காவில் ‘ஸ்டஃபி நோஸ்’. கைப்பேசி அசையாமல் நின்றால் நாம் ‘ஹேங் ஆயிடுச்சு’ என்கிறோம். வெளிநாட்டில் ‘மை ஃபோன் இஸ் ஹேங்கிங்’ என்றால் எந்த ஆணியில் என்று கேட்பார்கள். ‘இட்ஸ் ஃப்ரோசன்’ என்று சொல்லுங்கள்.

தொண்டை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இங்கே சொல் தப்பினால் உயிருக்கே வரலாம். மீன்முள் குத்திக்கொண்டு வலிக்கிறது, ஆனால் பேச முடிகிறது, மூச்சு விட முடிகிறது. இதற்கு ‘ஸ்டக் இன் மை த்ரோட்’ சரி. டாக்டர் அறிக்கையில் ‘லாட்ஜ்ட்’ என்று எழுதுவார். நம் ஊர் லாட்ஜேதான். முள் அங்கே ரூம் போட்டுவிட்டது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒருவருக்குச் சோறோ இறைச்சியோ மூச்சுக்குழாயை அடைத்து, பேச்சு வரவில்லை, இருமவும் முடியவில்லை, கழுத்தைப் பிடித்துக்கொள்கிறார் என்றால் ‘ஸ்டக்’ என்ற சொல்லையே எடுக்காதீர்கள். ‘ஷீ இஸ் சோக்கிங்!’ என்று கத்துங்கள். அந்தச் சொல் காதில் விழுந்தால் உணவகத்தில் முதலுதவி தெரிந்தவர் எழுந்து ஓடிவருவார். ‘சம்திங் இஸ் ஸ்டக்’ என்றால் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார்கள். டியூப்லைட் சோக்கைத் தவிர வேறு சோக் தெரியாமல் ஊரை விட்டுக் கிளம்பக் கூடாது என்று வகுப்பில் முதல் வாரமே சொல்லிவிடுவேன்.

மூன்றாவது: ஒட்டிக்கொண்டு வரும் குட்டிச் சொல்

‘ஸ்டக்’ தனியாக நிற்பது குறைவு. பின்னால் வருகிற குட்டிச் சொல் அர்த்தத்தையே திருப்பிவிடும். உள்ளே அகப்பட்டால் ‘ஸ்டக் இன்’: லிஃப்டில், மீட்டிங்கில், சேற்றில். ஒட்டிக்கொண்டால் ‘ஸ்டக் டு’: செருப்பில் சூயிங்கம். கணக்கு வரவில்லை என்றால் ‘ஸ்டக் ஆன்’. நம் தலையில் கட்டப்பட்டுவிட்டது, வேறு வழியில்லை என்றால் ‘ஸ்டக் வித்’. மேலே சொன்ன பெரியப்பா இந்தக் கணக்கில் வருவார்.

‘ஸ்டக் அப்’ மட்டும் வேண்டாம். ‘ஆபீஸ்ல ஸ்டக் அப் ஆயிட்டேன்’ என்று நம்மவர்கள் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். ‘ஐ ஆம் ஸ்டக்-அப்’ என்றால் ‘நான் தலைக்கனம் பிடித்தவன்’ என்று அர்த்தம். தாமதத்துக்குச் சொல்ல வேண்டியது ‘ஹெல்ட் அப்’, வேலை மும்முரத்துக்கு ‘டைட் அப்’, கட்டுவது என்ற ‘டை’யிலிருந்து வந்தது. இரண்டிலும் ‘அப்’ இருப்பதால்தான் குழப்பம் வந்திருக்க வேண்டும்.

நாலாவது: சிக்கு

தலைமுடி, கயிறு, இயர்போன் வயர், பட்டத்து நூல். தானாகச் சுற்றிக்கொண்டு, எந்த முனை எங்கே போகிறது என்று தெரியவில்லை என்றால் ‘டேங்கில்ட்’. ஷாம்பு பாட்டிலில் ‘டீடேங்கிளிங்’ என்று போட்டிருப்பது சிக்கெடுப்பதைத்தான். பல நாள் சீப்பே படாமல் கம்பளம் மாதிரி திரண்டுவிட்ட முடி ‘மேட்டட்’. நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். படுக்கையிலேயே கிடக்கும் நோயாளியின் பின்னந்தலைக்கு வரும் சொல்.

‘என்டேங்கில்ட்’ கொஞ்சம் கனமான சொல். ஆமையோ திமிங்கிலமோ மீன்வலையில் மாட்டினால் அப்படி எழுதுவார்கள். இயற்பியலிலும் உண்டு, தூரத்தில் இருந்தாலும் ஒன்றோடொன்று பிணைந்தே நிற்கும் துகள்களின் நிலைக்கு ஷ்ரோடிங்கர் என்ற இயற்பியலாளர் 1935-ல் வைத்த பெயர், அதில் செய்த சோதனைகளுக்காக 2022-ல் மூவருக்கு நோபல் கிடைத்தது. உங்கள் இயர்போன் வயருக்கு இவ்வளவு மரியாதை தேவையில்லை, ‘டேங்கில்ட்’ போதும்.

ஒரு மாணவி தன் ஊர்ச் சிக்குக் கோலத்தைப் பற்றிப் பேசும்போது ‘டேங்கில்ட் கோலம்’ என்றாள். கேட்க அழகாக இருந்தது, ஆனால் தப்பு. ‘டேங்கில்ட்’ என்றால் வேண்டாமல் நேர்ந்த குழறுபடி. புள்ளியைச் சுற்றி வளைத்து, கம்பி விலகாமல், தொடங்கிய இடத்தில் கொண்டுவந்து முடிக்கிற கைவேலைக்கு அது ஆகாது. ‘இன்டர்லேஸ்ட்’ என்று சொல்லச் சொன்னேன். பின்னிப் பிணைந்தது, வேண்டுமென்றே.

ஆள் வம்பில் மாட்டினால் ‘மிக்ஸ்ட் அப் இன்’ என்பது பேச்சு வழக்கு. பத்திரிகையில் ‘எம்ப்ராயில்ட் இன்’ வரும், வாயால் சொல்ல வேண்டாம்.

ஐந்தாவது: அழுக்கு

‘டர்ட்டி’ எல்லாவற்றுக்கும் வரும், ஆனால் எல்லோரிடமும் சொல்லக் கூடாது. ‘யுவர் ஷர்ட் இஸ் டர்ட்டி’ என்று விருந்தினரிடம் சொன்னால் முகம் சுருங்கும். ‘தேர் இஸ் எ மார்க் ஆன் யுவர் ஷர்ட்’ என்றால் நன்றி சொல்வார். ஹோட்டல் வேலைக்கு ‘மார்க்’ ஒரு நல்ல சொல். கறையோ அழுக்கோ எதுவோ, யார் மேலும் பழி போடாது.

மற்றபடி, அழுக்கு எப்படி வந்தது என்று பாருங்கள். சாம்பார் சட்டையில் கொட்டிய அந்த நிமிடம் ‘ஸ்பில்’. துவைத்த பிறகும் நிற்கிற மஞ்சள் ‘ஸ்டெய்ன்’. மஞ்சள் கறையில் சோப்புப் போட்டதும் சிவப்பாக மாறும் பாருங்கள், அது காரம் பட்டதால் மஞ்சள் காட்டுகிற நிறம். வெயிலில் போட்டால் மெல்ல வெளுக்கும். லாண்டரியில் கேட்டால் ‘டர்மெரிக் ஸ்டெய்ன்’ என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் சிவப்பைப் பார்த்து ரத்தம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஈரமாக இருக்கும்போது கை பட்டுக் கலைந்தால் ‘ஸ்மட்ஜ்’. கண்மை டப்பாவில் ‘ஸ்மட்ஜ் ப்ரூஃப்’ என்று போட்டிருப்பதால் பெண்களுக்கு இது தெரிந்த சொல். இழுத்துத் தேய்த்த மாதிரி நீளமாகப் படர்ந்தால் ‘ஸ்மியர்’; ரத்தப் பரிசோதனையில் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டை இழுப்பதும் ஸ்மியர்தான். மனிதர் மேல் சேற்றை வாரிப் பூசினாலும் அதே சொல். எக்ஸாஸ்ட் ஃபேனில் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து ஏறியிருக்குமே, அது ‘க்ரைம்’. குற்றத்துக்கும் இதற்கும் தமிழில் எழுத ஒரே எழுத்துதான், என்ன செய்வது. ‘கங்கை’யில் இரண்டாவது ‘க’ மாதிரி ஆரம்பியுங்கள், அது அழுக்கு. ‘கல்’ மாதிரி ஆரம்பித்தால் போலீஸ் வரும். குத்துவிளக்கில் களிம்பு ஏறி மங்கினால் ‘டார்னிஷ்ட்’.

‘மெஸ்ஸி’ அழுக்கே இல்லை, கலைந்து கிடப்பது. சுத்தமான துணிகள் கட்டிலில் குவிந்திருந்தால் அறை மெஸ்ஸி, ஆனால் டர்ட்டி இல்லை.

அழுக்கும் கறையும் வேறு வேறு என்பதை ஒரு சோப்புத்தூள் விளம்பரமே காட்டிக்கொடுத்திருக்கிறது. அந்த நிறுவனம் ஆங்கிலத்தில் ‘டர்ட் இஸ் குட்’ என்று வைத்த வாசகம் நம் வீட்டுத் தொலைக்காட்சிக்கு ‘கறை நல்லது’ என்று வந்தது. அவர்கள் மண்ணில் புரளும் பிள்ளையை நினைத்தார்கள். நமக்கு அது துவைக்கிற அம்மாவின் பிரச்சினை ஆனது.

எவர்சில்வரும் இந்த வரிசையில்தான் வரும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி 1913-ல் செய்த எஃகுக்கு அவர் சொன்ன பெயர் துருப்பிடிக்காதது என்று பொருள்படும் ‘ரஸ்ட்லெஸ்’. கறை பிடிக்காதது என்ற ‘ஸ்டெய்ன்லெஸ்’தான் நிலைத்தது. வெளிநாட்டுச் சமையலறையில் எவர்சில்வர் என்று கேட்டுவிட்டு நிற்காதீர்கள், அந்தப் பெயரில் அங்கே யாருக்கும் தெரியாது.

இனி ‘சாயில்ட்’. அகராதியில் அழுக்கான என்று போட்டிருக்கும், நம்பி எடுத்துவிடாதீர்கள். மண்ணைக் குறிக்கும் ‘சாயில்’ வேறு, இது வேறு. இது பன்றி சேற்றில் புரள்வதோடு உறவுள்ள பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஆஸ்பத்திரியிலும் ஹோட்டலிலும் ‘சாயில்ட் லினன்’ என்று கூடையில் எழுதியிருப்பார்கள்; பயன்படுத்திய, அசுத்தமான படுக்கைத் துணி. குழந்தையின் நாப்கின் ‘சாயில்ட்’ என்றால் மாற்ற வேண்டும். பெரியவர் ஒருவர் ‘சாயில்ட் ஹிம்செல்ஃப்’ என்று நர்ஸ் குறிப்பில் இருந்தால், படுக்கையிலேயே மலம் போய்விட்டது என்பதைக் கௌரவமாகச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் சேற்றில் வழுக்கி விழுந்துவிட்டு ‘ஐ சாயில்ட் மை ட்ரவுசர்ஸ்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘ஐ காட் மட் ஆன் மை ட்ரவுசர்ஸ்’. எது பட்டது என்று சொல்லிவிட்டால் சந்தேகமே வராது: மட், இன்க், கிரீஸ், பெயின்ட்.

கடைசியாக, சொல்லே கிடைக்காத ஒன்று

எச்சில். வாய் வைத்த டம்ளர், கடித்த முறுக்கு, ருசி பார்த்துவிட்டுக் குழம்பிலேயே திரும்பப் போட்ட கரண்டி. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் நமக்கு அது ஆகாது. ‘டர்ட்டி’ என்றால் கரண்டிதான் சுத்தமாக இருக்கிறதே என்பார்கள். ‘சலைவா’ என்றால் ஆய்வுக்கூட வாடை வரும். ‘கன்டாமினேட்டட்’ என்றால் விஷம் கலந்ததோ என்று பயப்படுவார்கள். கடித்த சிப்ஸை மறுபடி சட்னியில் தோய்ப்பதற்கு ‘டபுள் டிப்பிங்’ என்று ஒரு பேச்சு அவர்களிடம் உண்டு. நெருங்கி வருகிறது, ஆனால் டம்ளருக்கு உதவாது. நடந்ததை அப்படியே சொல்வதுதான் வழி: ‘தட் ஸ்பூன் ஹேஸ் பீன் இன் மை மவுத்.’

போன வருடம் என்னிடம் படித்துவிட்டு ஒரு முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போன பெண் இதையும் முயன்று பார்த்திருக்கிறாள். அறையில் கூடத் தங்கியிருக்கும் போலந்துப் பெண்ணுக்கு மூன்று முறை விளக்கிக் களைத்து, கடைசியில் தமிழ்ச் சொல்லையே சொல்லிக்கொடுத்துவிட்டாளாம். இப்போது அந்தப் பெண் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ‘இஸ் திஸ் எச்சில்?’ என்று கேட்டுவிட்டுத்தான் கரண்டியைத் தொடுகிறாளாம்.